கழுத்து வலியும் கழுத்து முதுகெலும்பின் உறுதியின்மையும்

நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்துகொள்ள வேண்டியவை

கழுத்து வலி மிகப் பரவலான உடல்நலத் தொல்லைகளுள் ஒன்று. காரைக்குடியில் தறியில் அமர்ந்து கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கும், குனிந்தபடியே ஆத்தங்குடி டைல்ஸ் வார்ப்பவருக்கும், கட்டட வேலையில் தலையில் சும்மாடு வைத்துச் சாந்துச் சட்டி சுமப்பவருக்கும், நாள் முழுவதும் கணினியின் முன் இருப்பவருக்கும் அது வரலாம். இவற்றுள் பெரும்பாலான வலிகள் ஆபத்தற்றவை. தசைகளிலும் மூட்டுகளிலும் தோன்றும் அத்தகைய வலி, சில நாட்களிலோ சில வாரங்களிலோ தணிந்துவிடும்.

ஆயினும், சிலருக்குக் கழுத்து முதுகெலும்பு தன் உறுதியை இழந்திருக்கும். எலும்புகள் இருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நகரும்; அவ்வாறு நகரும்போது உள்ளே செல்லும் தண்டுவடம் நசுங்கலாம். இவர்களுள் சிலருக்கு வலி மிகக் குறைவாகவே இருக்கும். சிலருக்கு வலியே இராது. எனவே, வலியின் கடுமையை மட்டும் வைத்து ஆபத்தை அளவிட இயலாது. கைகளின் செயல்திறன், நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களே முதன்மையான எச்சரிக்கைகள். சாதாரண வலியையும் ஆபத்தான நிலையையும் வேறுபடுத்தி அறியவும், ஐயம் எழும்போது எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது எனத் தெரிந்துகொள்ளவும் இப்பக்கம் உங்களுக்கு உதவும்.

கழுத்தின் அமைப்பு

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ எடையுள்ள தலையை இவை தாங்குகின்றன. இரண்டாம் முள்ளெலும்பிலிருந்து கீழ்நோக்கி, ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் மெத்தை போன்ற வட்டு உள்ளது. இதனையே பலரும் டிஸ்க் என்கிறோம். முள்ளெலும்புகளின் நடுவே அமைந்த குழாய் போன்ற பாதையில் தண்டுவடம் செல்கிறது. மூளையிலிருந்து கைகால்களுக்கும், மூச்சுத் தசைகளுக்கும், சிறுநீர்ப்பைக்கும் செல்லும் கட்டளைகள் அனைத்தும் இதன் வழியே செல்கின்றன. கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து 8 இணை நரம்புகள் பிரிகின்றன. தோள், கை, விரல்களுக்கான நரம்புகள் இவற்றிலிருந்தே கிளைக்கின்றன.

முதல் இரண்டு முள்ளெலும்புகளின் அமைப்பு தனித்தன்மையுடையது. முதலாவது, வளையம் போன்றது. இரண்டாவதில் மேல்நோக்கி நீண்ட பல் போன்ற முனை ஒன்று உண்டு. வளையத்தின் உள்ளே இம்முனை அச்சாணிபோல் நிற்க, அதைச் சுற்றியே தலை இடமும் வலமும் திரும்புகிறது. கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மூட்டில் நிகழ்கிறது. பல் போன்ற முனை பின்னால் சாய்ந்து தண்டுவடத்தை அழுத்தாதபடி உறுதியான ஒரு நார் அதைப் பிணைத்து வைத்திருக்கிறது. எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் இத்தகைய பிணைப்பு நார்கள் கழுத்து முழுவதும் உள்ளன. எலும்பு, வட்டு, பிணைப்பு நார், தசை ஆகிய நான்கும் சேர்ந்தே கழுத்துக்கு உறுதி அளிக்கின்றன.

சாதாரணக் கழுத்து வலி எவ்வாறு இருக்கும்?

நெடுநேரம் ஒரே நிலையில் குனிந்திருத்தல், உயரமான தலையணை, திடீரெனப் பளு தூக்குதல், உறக்கமின்மை, மனஅழுத்தம் ஆகியவற்றால் தசைகள் இறுகி வலி தோன்றும். காலையில் எழும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொள்வதைச் சுளுக்கு என்கிறோம். வயது ஏற ஏற வட்டுகளின் நீர்ச்சத்து குறைந்து, எலும்பு விளிம்புகளில் சிறு முனைகள் வளர்வதும் இயல்பு. இதுவே கழுத்துத் தேய்மானம் எனப்படுகிறது. நடுத்தர வயதைக் கடந்த பலரின் எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் தெரியும். அவர்களுள் பலருக்கு வலியே இராது. எனவே படத்தில் தேய்மானம் என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

சில நேரங்களில் வட்டு பிதுங்கியோ, எலும்பு முனை வளர்ந்தோ ஒரு பக்கத்து நரம்பை அழுத்தும். அப்போது கழுத்திலிருந்து தோள் வழியே ஒரு கையில் மட்டும் வலி இறங்கும். விரல்களில் மரமரப்பு ஏற்படும். இவ்வலி கடுமையாக இருந்தாலும், பெரும்பாலானோருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் அறுவை சிகிச்சையின்றியே குறைகிறது. ஆனால் கையில் வலுக்குறைவு தோன்றினாலோ, வலி கூடிக்கொண்டே சென்றாலோ மருத்துவரைக் காண வேண்டும்.

உறுதியின்மை என்றால் என்ன?

கழுத்தை அசைக்கும்போது முள்ளெலும்புகள் ஓர் எல்லைக்குள் மட்டுமே நகர வேண்டும். பிணைப்பு நார்கள் அறுந்தோ தளர்ந்தோ, எலும்பு முறிந்தோ அரித்தோ போனால் அந்த எல்லை மீறப்படுகிறது. இதுவே உறுதியின்மை. பெரியவர்களுக்கு முதல் முள்ளெலும்பின் முன்வளையத்திற்கும் இரண்டாம் எலும்பின் பல் போன்ற முனைக்கும் இடையே உள்ள இடைவெளி பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதில்லை. கழுத்தின் கீழ்ப்பகுதியில், ஓர் எலும்பு அடுத்ததன்மேல் 3.5 மில்லிமீட்டருக்கு மேல் வழுக்கியிருந்தால் மருத்துவர்கள் உறுதியின்மையை ஐயுறுகின்றனர். அளவு மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தண்டுவடம் செல்லும் பாதை குறுகலானது. அங்கே சில மில்லிமீட்டர்கள் கூடப் பெரும் மாற்றத்தை விளைவிக்கும்.

உறுதியின்மை வேறு, கழுத்து வலி வேறு. "கழுத்து ஆடுவதுபோல் இருக்கிறது", "தலை கனக்கிறது" என்னும் உணர்வு தசைக் களைப்பினாலும் வரும். உறுதியின்மையை உறுதிசெய்ய மருத்துவப் பரிசோதனையும் படப் பரிசோதனையும் தேவை.

யாருக்கு இது ஏற்படலாம்?

• விபத்தில் சிக்கியோர்: இருசக்கர வாகன விபத்து, பனை அல்லது தென்னை மரத்திலிருந்து விழுதல், கிணற்றிலோ ஊருணியிலோ ஆழம் அறியாது தலைகீழாகக் குதித்தல், மஞ்சுவிரட்டில் மாடு முட்டித் தூக்கி எறிதல் ஆகியவை முதன்மைக் காரணங்கள்.

• முடக்குவாத நோயாளிகள்: பல ஆண்டுகளாகக் கைவிரல் மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம் உள்ளோருக்கு, அதே அழற்சி கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் நாரையும் தளர்த்தலாம்.

• முதுகெலும்புக் காசநோய் உள்ளோர்: காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதன்று. கழுத்து எலும்பை அரித்து, வட்டையும் அழிக்கலாம். நீடித்த கழுத்து வலியுடன் மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் ஆகியவை இருந்தால் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

• பிறவியிலேயே எலும்பு அமைப்பு மாறுபட்டோர்: தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்புகள் சரியாக உருவாகாத நிலை. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குப் பிணைப்பு நார்கள் தளர்ந்திருக்கலாம்.

• முதியோர்: எலும்பு மெலிந்த முதியவர்களுக்குச் சிறு விழுகையே போதும், இரண்டாம் எலும்பின் பல் போன்ற முனை முறிந்துவிடலாம்.

• புற்றுநோய் உள்ளோர்: வேறு உறுப்பில் தோன்றிய புற்றுநோய் கழுத்து எலும்பிற்குப் பரவினால் எலும்பு வலுவிழக்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் முதியோர் பாதுகாப்பு

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் முதியோர் இருவரோ ஒருவரோ மட்டும் தனித்து வாழ்வது இன்று வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பர். உயர்ந்த படிகள், நிலைப்படிகள், மழை பெய்தால் நனையும் முற்றம், ஈரம் பட்டால் வழுக்கும் வழுவழுப்பான தரை ஆகிய அனைத்தும் விழுவதற்கு வாய்ப்பளிப்பவை. விழுந்த பின் "ஒன்றுமில்லை, கழுத்து மட்டும் கொஞ்சம் பிடித்திருக்கிறது" என்று பெரியவர் கூறினால், அதை அப்படியே விட்டுவிட வேண்டாம். 65 வயதைக் கடந்தவர் விழுந்த பின் கழுத்து வலி என்று கூறினால், எழுந்து நடமாடினாலும் அன்றே படப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கழுத்துத் தேய்மானத்தால் தண்டுவடப் பாதை ஏற்கெனவே குறுகியிருந்தால், முகம் தரையில் மோதித் தலை பின்னோக்கி வளையும்போது, எலும்பு முறியாமலேயே தண்டுவடம் காயமடையக்கூடும். அப்போது கால்களைவிடக் கைகள் அதிகமாக வலுவிழப்பதைக் காணலாம். நடக்க முடிகிறதே என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

முற்றத்தை ஒட்டியும் குளியலறையிலும் கைப்பிடிக் கம்பி அமைத்தல், ஈரத்தை உடனே துடைத்தல், இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியவிடுதல், நழுவாத காலணி அணிதல் ஆகியவை எளிய, பயனுள்ள தடுப்பு முறைகள்.

எச்சரிக்கை அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்.

• இரு கைகளும் தடுமாறுதல்: சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைய, பூத்தொடுக்க, கோலமிட, சில்லறை எண்ண முன்பைவிடச் சிரமம், கையிலுள்ள பொருள் நழுவி விழுதல்.
• நடை மாறுதல்: கால்கள் விறைப்பாக இருத்தல், தள்ளாட்டம், இருட்டில் நடக்கத் தடுமாற்றம், செருப்பு காலிலிருந்து தானே நழுவுதல்.
• கழுத்தைக் குனியும்போது முதுகு வழியே மின்சாரம் பாய்வதுபோல் அதிர்வு.
• கைகளிலோ உடலிலோ பரவும் மரமரப்பு.
• சிறுநீர், மலம் அடக்க முடியாமை அல்லது சிறுநீர் வெளியேறாமை.
• படுத்திருக்கும்போதும் இரவிலும் குறையாத வலி, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்திருத்தல்.
• தலையைக் கையால் தாங்கிக்கொண்டால் மட்டுமே அமர முடிதல்.

பின்வருவன அவசர நிலைகள். உடனே 108 ஆம்புலன்சை அழைக்கவும்.

• விபத்திற்குப் பின் கழுத்து வலியோ, கைகால் அசையாமையோ, உணர்விழப்போ இருத்தல்.
• திடீர்க் கழுத்து வலியுடன் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் அல்லது முகம் கோணுதல்.
• கடும் காய்ச்சல், தலைவலியுடன் கழுத்தைக் குனிய முடியாத விறைப்பு.
• கழுத்து, தாடை வலியுடன் மார்பு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல். இது மாரடைப்பாக இருக்கலாம்.

வீட்டில் நீங்கள் கவனிக்கக்கூடிய ஓர் எளிய சோதனை

தண்டுவட அழுத்தம் மெல்ல மெல்ல வளர்வதால், நோயாளி தம் கையின் மாற்றத்தை உணராமலேயே இருக்கலாம். "வயதாகிவிட்டது" என்று எண்ணிவிடுவார். பராமரிப்பவரான நீங்கள் இதைச் செய்து பார்க்கலாம். உள்ளங்கை கீழே இருக்குமாறு கையை நீட்டச் சொல்லுங்கள். விரல்களை முழுவதும் மடக்கி, முழுவதும் விரிக்கச் சொல்லி, 10 வினாடிகளில் எத்தனை முறை செய்கிறார் என்று எண்ணுங்கள். நல்ல நிலையில் உள்ளவரால் பொதுவாக 20 முறையோ அதற்கு மேலோ செய்ய இயலும். கை மூட்டு வீக்கமோ வேறு கை நோயோ இல்லாத ஒருவரால் இதனைவிட மிகக் குறைவாகவே செய்ய முடிந்தால், அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். இது நோயை முடிவு செய்யும் சோதனையன்று; மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை உணர்த்தும் குறிப்பு மட்டுமே. கழுத்தை முறுக்கியோ வளைத்தோ வீட்டில் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது.

சுளுக்கு எடுப்பதும் நெட்டி முறிப்பதும்

கழுத்து பிடித்துக்கொண்டால் சுளுக்கு எடுப்பவரிடம் செல்வது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். எண்ணெய் தடவி மேலாக மெல்ல நீவிவிடுவது தசை இறுக்கத்திற்கு இதமளிக்கலாம். ஆனால் தலையைப் பற்றி வெடுக்கெனத் திருப்புவது, சலூனில் முடிவெட்டி முடித்தபின் கழுத்தை நெட்டி முறிப்பது, தலையைப் பிடித்து மேலே இழுப்பது, கழுத்தின்மேல் மிதிப்பது ஆகியவை ஆபத்தானவை.

இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, கழுத்து ஏற்கெனவே உறுதியிழந்திருந்தால் ஒரே திருப்பலில் எலும்பு நழுவித் தண்டுவடம் நசுங்கலாம். அக்கழுத்து உறுதியுள்ளதா என்பதை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து எவராலும் அறிய முடியாது. இரண்டாவது, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே மேலேறுகின்றன. திடீரென முறுக்கும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து, இரத்தக் கட்டி உருவாகிப் பக்கவாதம் ஏற்படலாம். இது அரிதாகவே நிகழ்கிறது. ஆனால் இளவயதினருக்கும் நிகழ்ந்துள்ளது.

எனவே சலூனில் அமரும்போதே "கழுத்தை முறிக்க வேண்டாம்" என்று கூறிவிடுங்கள். முடக்குவாதம், அண்மையில் விழுந்த காயம், மேலே கூறிய எச்சரிக்கை அறிகுறிகள் ஆகியவற்றுள் ஒன்றேனும் உள்ளவர்கள் எவரிடமும் கழுத்தைத் திருப்பக் கொடுக்கக் கூடாது.

விபத்து நேர்ந்த இடத்தில் செய்ய வேண்டியவை

பொங்கல் திருநாளையொட்டிச் சிராவயலில் நடைபெறும் மஞ்சுவிரட்டு இம்மாவட்டத்தின் பெரும் நிகழ்வு. அங்கேயும், திருச்சிராப்பள்ளி – இராமேசுவரம் நெடுஞ்சாலையிலும், தோப்பிலும், வயலிலும் ஒருவர் அடிபட்டு விழும்போது சுற்றியிருப்போர் ஓடிச்சென்று கைகளையும் கால்களையும் பிடித்துத் தூக்குவது வழக்கம். உதவும் எண்ணம் நல்லது; முறை தவறானது. எலும்பு முறிந்தும் தண்டுவடம் காயப்படாமல் இருக்கும் ஒருவருக்கு, தலை தொங்கியபடி தூக்கப்படும் அந்தச் சில வினாடிகளில் கைகால்கள் செயலிழந்துபோகலாம்.

1. முதலில் மாடு, வாகனம் போன்ற ஆபத்துகள் நெருங்காதபடி இடத்தைப் பாதுகாப்பாக்குங்கள். 108-ஐ அழையுங்கள்.
2. அடிபட்டவரை அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். எழுப்பி உட்கார வைக்க வேண்டாம். தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்க வேண்டாம்.
3. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையின் இருபுறமும் கைகளை வைத்து, இருக்கும் நிலையிலேயே அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கோணியிருந்தால் வலிந்து நேராக்க வேண்டாம்.
4. மூச்சு தடைபடாத வரை தலைக்கவசத்தைக் கழற்ற முயல வேண்டாம்.
5. வாந்தி எடுத்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கட்டைபோல் சேர்ந்து திரும்புமாறு, மூன்று நான்கு பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள்.
6. மூச்சோ நாடியோ இல்லையெனில், கழுத்தைக் காப்பதைவிட உயிரைக் காப்பதே முதன்மை. உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள்.
7. வேறு வழியின்றி நகர்த்தியே ஆக வேண்டுமெனில், உடல் முழுவதையும் தாங்கும் பலகை அல்லது கதவுப் பலகையைப் பயன்படுத்துங்கள். ஆட்டோவிலோ இருசக்கர வாகனத்திலோ உட்கார வைத்துக் கொண்டுசெல்லக் கூடாது.

மருத்துவமனையில் என்ன பரிசோதனைகள் செய்யப்படும்?

மருத்துவர் முதலில் கைகால்களின் வலிமை, உணர்வு, அனிச்சைச் செயல்கள், நடை ஆகியவற்றைப் பரிசோதிப்பார். எக்ஸ்ரே எலும்புகளின் வரிசையைக் காட்டும். முறிவைத் துல்லியமாகக் காண சி.டி. ஸ்கேனும், தண்டுவடம், வட்டு, பிணைப்பு நார்களைக் காண எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உதவுகின்றன. சில நேரங்களில் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்து எலும்புகள் நகர்கின்றனவா என ஒப்பிடுவர். இதனை மருத்துவரின் அறிவுரையின்படி, நோயாளி தாமாக வலியின்றி அசைக்கும் அளவுக்கு மட்டுமே செய்ய வேண்டும். புதிய விபத்துக் காயத்தில் உடனடியாக இவ்வாறு செய்வதில்லை.

எச்சரிக்கை அறிகுறி ஏதும் இல்லாத சாதாரண வலிக்குத் தொடக்கத்திலேயே ஸ்கேன் தேவைப்படுவதில்லை. மருத்துவர் ஸ்கேன் எழுதவில்லை என்றால் அவர் பொருட்படுத்தவில்லை என்று கொள்ள வேண்டாம்.

சிகிச்சை முறைகள்

உறுதியின்மைக்கான சிகிச்சை அதன் காரணத்தையும் தண்டுவடத்தின் நிலையையும் பொறுத்தது. சில முறிவுகள் உறுதியான கழுத்துப் பட்டையுடன் வாரக்கணக்கில் ஓய்வெடுத்தால் கூடிவிடும். காசநோய் எனில் மாதக்கணக்கில் காசநோய் மருந்துகளை இடைவிடாது உட்கொள்ள வேண்டும். இம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகின்றன. முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே மருந்துகளால் கட்டுப்படுத்துவது கழுத்தையும் காக்கும்.

எலும்புகள் தொடர்ந்து நகர்ந்தாலோ தண்டுவடம் அழுத்தப்பட்டாலோ அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அழுத்தத்தை நீக்கி, உலோகத் திருகுகள், கம்பிகள் அல்லது தகடுகளால் எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து நிலைநிறுத்துவர். முதல் இரண்டு எலும்புகளை இணைத்தால் கழுத்தைத் திருப்பும் அளவு குறையும். வாகனம் ஓட்டுவது போன்ற செயல்களுக்கு உடலையும் சேர்த்துத் திருப்பப் பழக வேண்டும். தண்டுவட அழுத்தத்தில் அறுவை சிகிச்சையின் முதன்மை நோக்கம், பாதிப்பு மேலும் வளராமல் தடுப்பது. இழந்த திறன் எவ்வளவு மீளும் என்பது பெரும்பாலும் எவ்வளவு விரைவில் சிகிச்சை பெற்றோம் என்பதைப் பொறுத்தது. கைகளின் தடுமாற்றத்தைத் தொடக்கத்திலேயே கவனிப்பது இதனால்தான் இன்றியமையாதது.

முடக்குவாதமோ கழுத்து உறுதியின்மையோ உள்ளவருக்குக் கண், வயிறு, மூட்டு என வேறு எந்த அறுவை சிகிச்சை நடந்தாலும், மயக்க மருந்து மருத்துவரிடம் கழுத்தின் நிலையை முன்கூட்டியே கூறுங்கள். மூச்சுக்குழாய் பொருத்தும்போது கழுத்தைப் பின்னோக்கி வளைக்க நேரும் என்பதால், அவர்கள் தனிக் கவனம் எடுத்துக்கொள்வர்.

சாதாரண வலிக்கு வீட்டில் செய்யக்கூடியவை

எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு மட்டுமே இப்பகுதி பொருந்தும்.

• முழு ஓய்வு வேண்டாம். வலி தாங்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடருங்கள். அசைவே குணமாக உதவும்.
• வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடங்கள் ஒத்தடம் கொடுக்கலாம். நீரிழிவால் உணர்வு குறைந்தவர்கள் சூட்டைப் பிறரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.
• வலி மாத்திரைகளை மருத்துவர் கூறிய அளவில், கூறிய நாட்களுக்கு மட்டும் உட்கொள்ளுங்கள். சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்கள் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது.
• கழுத்துப் பட்டையை மருத்துவர் கூறாமல் அணிய வேண்டாம். தேவையின்றி நெடுநாள் அணிந்தால் தசைகள் வலுவிழக்கும்.
• கழுத்தின் இயல்பான வளைவைத் தாங்கும் தாழ்ந்த தலையணை ஒன்று போதும். குப்புறப் படுப்பதைத் தவிருங்கள்.

பின்வரும் பயிற்சிகளை மெதுவாக, ஒவ்வொன்றும் 10 முறை, நாளுக்கு இரு வேளை செய்யலாம். நிமிர்ந்து அமர்ந்து, பார்வை நேராக இருக்க, முகவாயைப் பின்னோக்கி இழுத்து 5 வினாடிகள் நிறுத்துதல். இரு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்து விடுதல். கழுத்தை மெல்ல வலமும் இடமும் திருப்புதல். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி ஒன்றையொன்று மெதுவாக அழுத்துதல். மரமரப்போ மின்னதிர்வோ தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுங்கள்.

தொழில் செய்யும் இடத்தில் சிறு மாற்றங்கள் பெரும் பயன் தரும். நெசவாளர்கள் தறியின் மேல் போதிய வெளிச்சம் அமைத்தால் குனிவு குறையும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோள்களைச் சுழற்றுங்கள். கைப்பேசியை மடியில் வைத்துப் பார்க்காமல் கண்மட்டத்திற்கு உயர்த்துங்கள். தலைச்சுமைத் தொழிலாளர்கள் சுமையைப் பாதியாக்கி இரு நடையாகக் கொண்டுசெல்லலாம்.

திருவிழாக்களில் பால்குடமும் முளைப்பாரியும் தலையில் சுமப்பதும், தை மாதத்தில் காவடியுடன் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பதும் இங்குள்ளோரின் நெடுநாள் வழிபாட்டு மரபு. சாதாரணக் கழுத்து வலி ஆறியவர்களுக்கு இதில் தடையில்லை. உறுதியின்மை கண்டறியப்பட்டவர்களும், கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் ஒப்புதலின்றித் தலையிலோ தோளிலோ சுமை ஏற்றக் கூடாது. நேர்த்திக்கடனைக் கைகளில் ஏந்தியோ, குடும்பத்தில் மற்றொருவர் வழியாகவோ நிறைவேற்றலாம்.

எங்கே செல்ல வேண்டும்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ காரைக்குடி அரசு மருத்துவமனையையோ அணுகலாம். தேவைக்கேற்ப சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், அறிகுறிகள் தொடங்கிய நாள் பற்றிய குறிப்பு ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரத்திற்குரிய சிகிச்சையை அரசின் செலவில் அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் பயன்பெற இயலுமா என மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியவும். படுக்கையில் உள்ளோருக்கு வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் அளிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது.

பராமரிப்பவர்களுக்கு

தண்டுவடம் காயமடைந்து கைகால்கள் செயலிழந்தவரைப் பராமரிப்பது நெடும்பணி. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்க வைத்தல், தோலை நாள்தோறும் பார்த்தல், மருத்துவர் கற்றுத்தந்த முறையில் சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகப் பேணுதல், மூட்டுகள் இறுகாமல் அசைத்துவிடுதல் ஆகியவை அன்றாடக் கடமைகள். கழுத்து இன்னும் உறுதிபெறாதவரைத் திருப்பும்போது தலையும் உடலும் ஒருசேரத் திரும்ப வேண்டும். பொறுப்பை ஒருவரே சுமக்காமல் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் உறக்கமும் உணவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இத்தகைய காயத்துடன் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975-ஆம் ஆண்டு கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்தில் காயமடைந்து, கைகால்கள் செயலிழந்தார். 1981-இல் அவர் தம் ஊரில் நிறுவிய அமர் சேவா சங்கம் இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான பெரும் மறுவாழ்வு மையமாக விளங்குகிறது. 2020-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நினைவில் கொள்ளுங்கள்

• பெரும்பாலான கழுத்து வலி தானே குணமாகும். அதற்கு அசைவே மருந்து.
• வலி குறைவாக இருப்பது பாதுகாப்பிற்கு அடையாளமன்று. கை, நடை, சிறுநீர் ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.
• கழுத்தை எவரும் வெடுக்கெனத் திருப்பவோ நெட்டி முறிக்கவோ அனுமதிக்க வேண்டாம்.
• அடிபட்டவரைத் தூக்காதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108 வரும்வரை காத்திருங்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது அறிதலுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.